சித்தப்பாவோட பழைய பேஸ் கிட்டார்: பெயின்ட்டை உரிக்கலாமா? முதல் முறை, உதவுங்க

புதுக்கம்பி | கோவை | 9 ஆகஸ்ட்

வணக்கம். இங்க நான் போடுற முதல் பதிவு. கிட்டார் ரிப்பேர்ல எனக்குத் தெரிஞ்சது பூஜ்யம். பம்ப்செட் கம்பெனியில அக்கவுண்ட்ஸ் பாக்குறேன், அவ்வளவுதான்.

எங்க சித்தப்பா 80கள்ல நாகர்கோவில் பக்கம் ஒரு மெல்லிசைக் குழுவுல பேஸ் வாசிச்சவர். கோயில் கொடை, கல்யாணம், கிறிஸ்மஸ் ராத்திரின்னு குமரி மாவட்டம் பூரா சுத்தினவங்க. 1983ல சிங்கப்பூர்லேர்ந்து வந்த ஒருத்தர்கிட்ட வாங்கின கிட்டார் இது. குழு கலைஞ்சப்புறம் பரணுக்குப் போச்சு, இருபத்தஞ்சு வருஷத்துக்கு மேல ஆச்சு. போன மாசம் பரணை ஒழிச்சப்ப, "வேணும்னா எடுத்துக்க மக்கா, இல்லன்னா ஆக்கர் கடையில போட்டுருவேன்"னார் (பழைய இரும்புக் கடையைத்தான் அப்படிச் சொல்வாங்க). பஸ்ல மடியில வச்சுக் கொண்டுவந்துட்டேன்.

இப்ப இருக்குற நிலைமை: நெக் (நீளக் கழுத்து) உடம்போட சேர்ற தட்டுல "மேட் இன் ஜப்பான்"னு இருக்கு, தலையில கம்பெனிப் பேரு தேஞ்சு போச்சு. கறுப்பு பெயின்ட், ஓரமெல்லாம் பொத்துப் போயிருக்கு. பிரிட்ஜ் (கம்பியோட அடிமுனை மாட்டுற இரும்பு) கடல் காத்துல துரு ஏறிக் கிடக்கு. நாலு கம்பியும் அப்படியே இருக்கு. ஆம்ப்ல சொருகினா கர்ர்னு இரைச்சல்தான், கம்பிச் சத்தமே வரலை.

என் திட்டம்: பெயின்ட்டை முழுசா உரிச்சு, மரம் தெரியுற மாதிரி பாலிஷ் போடணும். உப்புத்தாள் 80லேர்ந்து 400 வரைக்கும் வாங்கி வச்சிட்டேன். ஆரம்பிக்கலாமா?

---

நாலுகம்பி | சென்னை | 9 ஆகஸ்ட்

தம்பி, முதல்ல அந்த உப்புத்தாளைக் கீழ வைங்க.

முப்பது வருஷத்துக்கு மேல சர்ச்சுல வாசிக்கிறேன், இந்த மாதிரி பரண் கிட்டார் நிறைய கைக்கு வந்திருக்கு. எல்லாரும் பெயின்ட்லதான் ஆரம்பிப்பாங்க, ஏன்னா கண்ணுக்குத் தெரியுறது அதுதான். மூணு மாசம் தேய்ச்சு, பளபளன்னு ஆக்கி, கடைசியில கம்பி மாட்டினா நெக் வளைஞ்சு வில்லாட்டம் நிக்கும். அப்புறம் சுவத்துல மாட்டி வைக்க வேண்டியதுதான்.

நெக்தான் உசிரு. ஒரு சாதாரண பேஸ் செட்டு, டியூன் பண்ணி வச்சா நாலு கம்பியும் சேர்ந்து சுமார் 80 கிலோ இழுக்கும். அந்த இழுவைக்கு எதிரா நெக்குக்குள்ள ட்ரஸ் ராட்னு ஒரு இரும்புக் கம்பி ஓடும். உங்க சித்தப்பா கம்பியைத் தளர்த்தாம பரண்ல போட்டிருந்தா, அந்த நெக் இத்தனை வருஷமா பாரம் தூக்கிட்டு நின்னிருக்கு.

இன்னிக்கே ஒரு சோதனை. கம்பிகளைச் சுருதிக்கு ஏத்துங்க (ஈ, ஏ, டி, ஜி). ஃப்ரெட்ங்கிறது நெக்ல குறுக்க பதிச்சிருக்கிற உலோகப் பட்டை. ஈ கம்பியை முதல் ஃப்ரெட்லயும் கடைசி ஃப்ரெட்லயும் ஒரே நேரத்துல அழுத்துங்க, ஒரு ஆள் துணைக்கு இருக்கட்டும். இப்ப கம்பிதான் உங்க ரூல் ஸ்கேல். ஏழாவது எட்டாவது ஃப்ரெட் பக்கம் கம்பிக்கும் ஃப்ரெட்டுக்கும் எவ்வளவு இடைவெளின்னு பாருங்க. ஒரு விசிட்டிங் கார்டு நுழையணும், அதாவது 0.3 மி.மீ. சுமார். அதுக்கு மேல எத்தனை கார்டு போகுதுன்னு சொல்லுங்க.

இன்னொண்ணு: பிக்கார்டை (முன்பக்கத்து பிளாஸ்டிக் தகடு) கழட்டி உள்ள குழியைப் பாருங்க. மரம் தெரியணும்னு ஆசைப்படுறீங்க, கீழ இருக்கிறது என்ன மரம்னு தெரியுமா?

---

பாலிஷ்பட்டறை | மதுரை | 10 ஆகஸ்ட்

நமக்குக் கிட்டார் தெரியாது, ஆனா பெயின்ட் தெரியும். கதவு, கட்டில், ஊஞ்சப்பலகைன்னு பதினெட்டு வருஷம்.

பிக்கார்டுக்கு அடியில, வெளியே தெரியாத இடமாப் பாத்து, பஞ்சுல நெயில் பாலிஷ் ரிமூவர் (அசிட்டோன் உள்ளது) தொட்டு அரை நிமிஷம் வைங்க. பெயின்ட் கரைஞ்சு பிசுபிசுன்னு வந்தா அது என்.சி. லாக்கர் (நைட்ரோன்னும் சொல்லுவாங்க). ஒண்ணுமே ஆகலன்னா பாலியெஸ்டரோ பாலியூரித்தேனோ, ரெண்டுல ஒண்ணு. அந்தக் காலத்து ஜப்பான் சாமான்னா பாலியாத்தான் இருக்கும்னு என் கணிப்பு. அது கண்ணாடி மாதிரி. கடையில விக்கிற பெயின்ட் ரிமூவர் அதைச் சரியாக் கடிக்காது. ஹீட் கன் வச்சு நெகிழவச்சுத்தான் சுரண்டணும், மரம் கருகாம பாத்துக்கணும்.

நல்லா ஒட்டியிருக்கிற பாலியை உரிக்காதீங்க. அதை விட நல்ல சீலர் உங்களால போட முடியாது. 320 தாள்ல மேலாகத் தேய்ச்சு மினுமினுப்பைக் கொல்லுங்க, பொத்துப்போன இடத்துல பட்டி பாருங்க, அதுக்கு மேலயே புது கலர் அடிங்க. வேலை பாதி, ஆயுசு ரெட்டிப்பு.

---

சும்மாவந்தேன் | 10 ஆகஸ்ட்

ஆக்கர் கடையே பெஸ்ட் ஐடியா ஜி 😄 அந்தச் செலவுல புதுசே வாங்கலாம்.

---

புதுக்கம்பி | 17 ஆகஸ்ட்

நாலுகம்பி அண்ணே, மூணு கார்டு போச்சு! பயந்துட்டேன். தலைப்பக்கம் சின்ன மூடியைக் கழட்டினா அறுகோண நட் இருக்கு. எங்க மெயின்டனன்ஸ்காரர்கிட்ட இருந்த இஞ்ச் அளவு ஆலன் கீ உள்ள போச்சு, ஆனா லொடலொடன்னு இருந்துச்சு.

பாலிஷ்பட்டறை சார், அசிட்டோன் வச்சேன், ஒண்ணும் ஆகலை. பாலிதான்.

உள் குழி முழுக்கக் கறுப்பு பெயின்ட் அடிச்சிருக்கு, மரம் தெரியலை. அதனால விட்டுட்டேன்.

சின்ன சந்தேகம்: ஃப்ரெட்போர்டு காய்ஞ்சு வெளுத்திருக்கு. தேங்காய் எண்ணெய் தடவலாமா?

---

நாலுகம்பி | 17 ஆகஸ்ட்

இஞ்ச் கீயை உடனே வெளிய எடுங்க. ஜப்பான் கிட்டார்ல மி.மீ. அளவுதான் வரும். லொடலொடன்னு இருக்கிற கீயைப் போட்டு முறுக்கினா நட்டோட உள்மூலை தேஞ்சிடும், அப்புறம் அதை எடுக்க நெக்கையே அறுக்க வேண்டி வரும். மி.மீ. செட்டு வாங்கி, ஆடாம உட்கார்ற கீ எதுன்னு பாருங்க.

கம்பியைக் கொஞ்சம் தளர்த்திட்டு, தலைப்பக்கத்துலேர்ந்து பாக்கும்போது கடிகாரம் சுத்துற திசையில கால் சுத்து. அவ்வளவுதான். சுருதி ஏத்துங்க, ஒரு ராத்திரி விடுங்க, மறுநாள் அளங்க. மரத்துக்கு மெதுவாத்தான் புரியும். நட் முரண்டு பிடிச்சா பலத்தைக் காட்டாதீங்க. மரைல ஒரு சொட்டு தையல் மெஷின் எண்ணெய், ஒரு நாள் பொறுமை.

தேங்காய் எண்ணெய் வேண்டவே வேண்டாம். ஆறு மாசத்துல சிக்கு வாடை அடிக்கும், தூசியும் ஒட்டும். முதல்ல வெள்ளை பெட்ரோல் தொட்டுத் துடைச்சு, முப்பது வருஷத்து வியர்வையை எடுங்க (நெருப்பு பக்கத்துல இருக்கக் கூடாது, சன்னலைத் திறந்து வைங்க). அப்புறம் வாசனை இல்லாத மினரல் ஆயில் நாலு சொட்டு, பத்து நிமிஷத்துல துடைச்சிடுங்க.

---

பாலிஷ்பட்டறை | 18 ஆகஸ்ட்

ஃப்ரெட்போர்டு ஈட்டி மரமா இருந்தா பொக்கிஷம். தமிழ்நாட்டுல அனுமதி இல்லாம வெட்டக் கூடாதுன்னு 1994ல தனிச் சட்டமே போட்ட மரம். அதுல போய் தலைக்குத் தடவுற எண்ணெயா?

---

ஓம்ஸ்விதி | கோவை | 24 ஆகஸ்ட்

கரண்ட் பக்கம் யாரும் பேசலைங்களே. நான் நம்ம ஊருதாங்க.

படத்துல பாத்தா பிக்கப் (கம்பி அதிர்வைக் கரண்டா மாத்துற காந்தக் காயில்) ரெண்டு துண்டா, ஏத்த இறக்கமா இருக்கு. ஃபெண்டர்ங்கிற அமெரிக்க கிட்டார் கம்பெனி 1951ல பிரெசிஷன் பேஸ் கொண்டுவந்தப்ப ஒரே காயில்தான். 1957ல இப்படி ரெண்டாப் பிரிச்சாங்க, உங்களோடது அதோட காப்பி. ஒரு துண்டு ஈ, ஏ கம்பிக்கு, இன்னொண்ணு டி, ஜிக்கு. ரெண்டும் சீரிஸ்ல இருக்கும். அதனால ஒண்ணு அறுந்தாலும் மொத்தமும் ஊமை.

மல்டிமீட்டரை 20 கிலோ ஓம்ல வச்சு ஒவ்வொரு துண்டையும் தனித்தனியா அளங்க. ஒவ்வொண்ணும் 5 கிலோ ஓம் சுமார் காட்டணும். அப்படியே பிரிட்ஜுக்கு அடியில போற எர்த் ஒயர் ஒட்டியிருக்கான்னும் பாத்துடுங்க. அது விட்டுப் போயிருந்தா சும்மாவே கர்ர்னுதான் இருக்கும்.

---

புதுக்கம்பி | 31 ஆகஸ்ட்

நெக் வழிக்கு வந்துடுச்சு! ஒன்பது நாள், தினம் கால் சுத்து கூட இல்லை, ஒத்தைக் கார்டுக்கு வந்திருச்சு. எனக்கே நம்ப முடியலை.

பிக்கப்: ஒரு துண்டு 5.3 காட்டுது. இன்னொண்ணு ஒண்ணுமே காட்டலை. பிரிட்ஜ் எர்த் ஒயரும் அறுந்திருக்கு. சித்தப்பாகிட்ட போன்ல கேட்டேன். "அது அறுந்துல்லா போகல, நான்தான் வெட்டுனேன். கொடையில பாடிக்கிட்டே வாசிக்கும்போது மைக்ல உதடு பட்டா சுரீர்னு அடிக்கும். வெட்டுனப்புறம் அடிக்கல"ன்னார். இது சரியா?

---

ஓம்ஸ்விதி | 31 ஆகஸ்ட்

ஐயய்யோ. இதைக் கொஞ்சம் விளக்கமாச் சொல்லணும்ங்க.

அந்தக் காலத்து மேடைகள்ல எர்த்தே இருக்காது. ஜெனரேட்டர்லேர்ந்து ரெண்டு ஒயர், அவ்வளவுதான். கிட்டார் ஆம்ப்போட சட்டத்துல கரண்ட் கசிஞ்சா, கேபிள் வழியா கம்பிக்கு வரும். மைக் வேற ஆம்ப்ல இருக்கும். கை கம்பியில, உதடு மைக்ல. நடுவுல பாலம் நீங்க. உங்க சித்தப்பா அந்தப் பாலத்தை வெட்டினார், அது ஒரு விதத்துல புத்திசாலித்தனம்தான். ஆனா தப்பு கிட்டார்ல இல்லைங்க, ப்ளக்ல.

ஒயரைத் திரும்ப ஒட்டிடுங்க, இல்லன்னா இரைச்சல் போகாது. ஆனா மூணு பின் ப்ளக்கும், உண்மையான எர்த்தும், 30 மில்லி ஆம்பியர் கசிஞ்சாலே கரண்டை வெட்டுற ஆர்.சி.சி.பி. சுவிட்சும் இல்லாத இடத்துல சொருகாதீங்க. மூணாவது பின்னை உடைச்சுட்டு சொருகுறவங்களைப் பாத்திருக்கேன். கைகூப்பிக் கேட்டுக்கறேன், வேண்டாம்.

இப்ப காயில். உடனே திரும்பக் கட்டாதீங்க. பெரும்பாலும் வெளிப்பக்கத்து நுனி, ஒயரோட சால்டர் வச்ச இடத்துலதான் பச்சை பூத்து அறுந்திருக்கும். லென்ஸ் வச்சுப் பாத்து, ஒரு சுத்து ரெண்டு சுத்து பிரிச்சு நுனி கிடைச்சா அங்கயே ஒட்டலாம். தலைமயிரை விட மெல்லிசு, மூச்சு விட்டா பறக்கும்.

---

புதுக்கம்பி | 8 செப்டம்பர்

நுனி கிடைச்சது, ஒட்டினேன், அப்பவும் ஓப்பன், மீட்டர் ஒண்ணுமே காட்டலை. உள்ள எங்கயோ அறுந்திருக்கு. எங்க கம்பெனிக்குக் காயில் கட்டற ஒருத்தர் இருக்கார், கவுண்டர் வச்ச மெஷின் உண்டு. நெட்ல 42 கேஜ் (கம்பித் தடிமனுக்கான நம்பர்)னு போட்டிருந்ததால 42 கேஜ் கம்பி வாங்கிட்டு வரச் சொன்னேன். கட்டிப் பாத்தா கம்பி சுத்துற பாபினே நிறைஞ்சு வழியுது, மீட்டர்ல 1.2 கிலோ ஓம்தான் காட்டுது. என்ன தப்பு?

---

ஓம்ஸ்விதி | 8 செப்டம்பர்

சிரிக்கறேன்னு நினைக்காதீங்க, நானும் இதே குழியில விழுந்தவன்.

நெட்ல சொல்ற 42, அமெரிக்க கேஜ். அது 0.063 மி.மீ. நம்ம ஊரு ஒயிண்டிங் கடையில 42ன்னா பிரிட்டிஷ் எஸ்.டபிள்யூ.ஜி. அது 0.1 மி.மீ. பேரு ஒண்ணு, தடிமன் ஒண்ணரை மடங்கு. அதனாலதான் சுத்து பாதியிலயே பாபின் நிறைஞ்சுபோச்சு, ஓமும் ஏறலை. நம்ம கடையில 46 கேஜ் கேளுங்க, 0.061 வரும், அமெரிக்க 42க்கு மிக நெருக்கம். இல்லன்னா கேஜ் பேச்சே எடுக்காம மி.மீ.லயே கேளுங்க.

பழைய துண்டு 5.3 காட்டுதுல்ல, அதே வர்ற வரைக்கும் சுத்தச் சொல்லுங்க. ஆயிரக்கணக்குல போகும். அவர் மோட்டாருக்குக் கட்டற இழுவைல இதை இழுத்தா பொட்டுன்னு அறுந்துடும், விரலால பிடிச்சும் பிடிக்காமலும் விடணும்.

---

புதுக்கம்பி | 21 செப்டம்பர்

சத்தம் வந்துடுச்சு!!! நாலு தடவை அறுத்தார், அஞ்சாவது தடவை 5.4. மனுஷன் காசே வாங்கலை, "ஒரு பாட்டு வாசிச்சுக் காட்டு"ன்னார். எனக்கு வாசிக்கத் தெரியாதுன்னு சொல்ல வெக்கமா இருந்துச்சு.

ஆனா ஒரு "ம்ம்ம்" இரைச்சல் இன்னும் இருக்கு. பழைய கர்ர் இல்லை, வேற மாதிரி. கம்பியைத் தொட்டாலும் போகலை.

---

ஓம்ஸ்விதி | 21 செப்டம்பர்

புதுசாக் கட்டின துண்டோட ரெண்டு ஒயரையும் இடம் மாத்தி ஒட்டுங்க. இந்த பிக்கப்போட சூட்சுமமே, ரெண்டு துண்டும் ஒண்ணுக்கொண்ணு எதிர்த்திசையில கட்டி, காந்தமும் எதிரெதிரா இருக்கறதுதான். அப்பத்தான் வெளி இரைச்சல் ஒண்ணையொண்ணு அடிச்சுக்கும். உங்களோடதுல இப்ப ரெண்டும் சேர்ந்து கத்துது. கம்பிச் சத்தம் கேக்கறதால எல்லாம் சரின்னு தோணும்.

---

புதுக்கம்பி | 21 செப்டம்பர்

மாத்தினேன். நிசப்தம். உங்க காலைக் காட்டுங்க சார்.

---

நாலுகம்பி | 22 செப்டம்பர்

அருமை. இப்ப அது வாத்தியம். பெயின்ட்டை மறந்துட்டு ஒரு மாசம் வாசிங்க, அப்புறமும் ஆசை இருந்தா பாத்துக்கலாம்.

---

புதுக்கம்பி | 6 அக்டோபர்

திட்டாதீங்க.

ஆயுத பூஜை நெருங்குதேன்னு, அதுக்குள்ள முடிச்சு பூஜையில வைக்கலாம்னு ஹீட் கன் வாடகைக்கு எடுத்தேன். முன்பக்கம் மட்டும். கறுப்பு பெயின்ட் ஒன்றரை மி.மீ. தடிமன்ல, ஓடு ஓடா வந்துச்சு, ஜாலியா இருந்துச்சு. மரம் தெரிஞ்சது, வெளிர் மஞ்சள், அழகா ரேகை. ஓரத்துக்கு வந்தப்பத்தான் பாத்தேன். கோடு கோடா அடுக்கு. ப்ளைவுட்.

அதோட நிக்கலை. ஒரே இடத்துல சூடு அதிகமாகி, மேல்தாள் ரூபாய் நாணயம் அளவுக்குக் கொப்புளமாத் தூக்கிடுச்சு. இன்னொரு மூலையில ஆர்பிட்டல் சாண்டர் (உப்புத்தாள் மெஷின்) மேல்தாளைத் தின்னுட்டு அடுத்த அடுக்கைத் தொட்டுடுச்சு.

---

நாலுகம்பி | 6 அக்டோபர்

திட்டலை. ஆனா அன்னிக்கு குழியைப் பாக்கச் சொன்னது இதுக்குத்தான் தம்பி. கறுப்பா இருந்தா ஒரு திருகாணி ஓட்டைக்குள்ள குண்டூசியால சுரண்டியிருந்தா அடுக்கு தெரிஞ்சிருக்கும். அந்தக் காலத்து ஜப்பான் காப்பிகள்ல நிறைய ப்ளைவுட் உடம்புதான். அதுல ஒண்ணும் அவமானம் இல்லை, வளையாது, வெடிக்காது. மரம் காட்ட மட்டும் முடியாது.

---

கிளிநொச்சியான் | ஸ்கார்பரோ | 7 அக்டோபர்

தம்பி, கவலைப்படாதேங்கோ. நானும் உப்பிடி ஒண்டை இஞ்ச அடகுக் கடையில 60 டொலருக்கு வாங்கி, மரம் தெரியவேணும் எண்டு ரெண்டு நாள் நிண்டு உரிச்சனான். உள்ளுக்க ஒட்டுப்பலகை. மனுசி இண்டைக்கும் சொல்லிச் சொல்லிச் சிரிக்கிறா.

கொப்புளத்துக்கு வழி இருக்கு. சவர பிளேட்டால ரேகை போற பக்கமா ஒரு சின்னக் கீறல் போடுங்கோ. ஊசியில மரப்பசையைக் கொஞ்சம் தண்ணி விட்டு இளக்கி உள்ளுக்க ஏத்துங்கோ. மேல பொலித்தீன் தாள், அதுக்கு மேல ஒரு பலகை, நல்லா இறுக்கி ஒரு நாள் விடுங்கோ. பொலித்தீன் போடாட்டி பலகையும் சேந்து ஒட்டிப் போடும், அதுவும் எனக்கு நடந்தது.

பின்பக்கத்தைத் தொடாதேங்கோ. உரிச்சது காணும்.

---

விண்டேஜ்வேலு | பெங்களூரு | 8 அக்டோபர்

எதுவா இருந்தாலும் நைட்ரோ லாக்கர்தான் அடிக்கணும். பாலி அடிச்சா மரம் மூச்சு விடாது, சத்தம் செத்துடும். பழைய ஃபெண்டர் ஏன் அப்படிக் கேக்குதுன்னு நினைக்கறீங்க?

---

பாலிஷ்பட்டறை | 8 அக்டோபர்

வெட்டி, அறுத்து, ஒட்டி, திருகாணி அடிச்ச மரம் எங்கய்யா மூச்சு விடுது?

---

விண்டேஜ்வேலு | 8 அக்டோபர்

கட்டில் செய்யறவருக்கு டோன் புரியாது.

---

மட்டுறுத்துநர் | 8 அக்டோபர்

ரெண்டு பேரும் நிறுத்துங்க. தொழிலை இழுக்க வேண்டாம்.

---

நாலுகம்பி | 9 அக்டோபர்

வேலு, நீங்க சொன்னதுல ஒரு நல்ல நுனி இருக்கு, அதைப் பிடிச்சுக்குறேன். 50கள்ல ஃபெண்டர் நைட்ரோ அடிச்சது சத்தத்துக்காக இல்லை. அன்னிக்கு காருக்கும் மேசைக்கும் அடிச்சது அதுதான், கடையில கிடைச்சது, சீக்கிரம் காயும். அவங்க கலர்களே கார் கலர்கள்தான். ஃபியஸ்டா ரெட்ங்கிறது 1956 ஃபோர்டு தண்டர்பேர்டோட நிறம். 60கள் கடைசியில அவங்களே பாலியெஸ்டருக்குப் போயிட்டாங்க.

சத்தம்னு பாத்தா, அமெரிக்க பேஸ் வாசிப்பாளர் ஜேம்ஸ் ஜேமர்சன், மோட்டவுன்ங்கிற ரெக்கார்டு கம்பெனிப் பாட்டுகள்ல தான் வாசிச்சதுல பெரும்பாலானதை 1962 பிரெசிஷன் ஒண்ணுலதான் வாசிச்சார். வழவழப்பான ஃப்ளாட் கம்பி, அறுந்தாத்தான் மாத்துவாராம். பிரிட்ஜ்கிட்ட ஸ்பாஞ்ச், வலது கையில ஒத்தை விரல். அவர் சத்தம் விரல்லயும் கம்பியிலயும் இருந்துச்சு. பெயின்ட்டைப் பத்தி அவர் யோசிச்சிருப்பார்னு எனக்குத் தோணலை.

அதனால தம்பி, கார் டிங்கரிங் பட்டறைக்குப் போங்க. கோவையில இல்லாத பட்டறையா?

---

பாலிஷ்பட்டறை | 9 அக்டோபர்

ஆமா, அதான் சரி. வீட்ல அடிக்கறதா இருந்தா கேன்ல வர்ற என்.சி. மட்டும். பட்டறைக்காரங்க வச்சிருக்கிறது 2கே பி.யூ. (ஹார்டனர் கலந்து அடிக்கிற பாலியூரித்தேன்), அந்த ஹார்டனர்ல ஐசோசயனேட் இருக்கும், நுரையீரலுக்கு ஆகாது. காத்துக் குழாய் வச்ச முகமூடி போட்டவன் அடிக்கட்டும், நீங்க வெளிய நின்னு டீ குடிங்க. வீட்ல என்.சி. அடிச்சாலும் துணி மாஸ்க், என்95 எல்லாம் தின்னர் ஆவியைத் தடுக்காது. கரிக் குப்பி வச்ச மாஸ்க்தான்.

மழைக்காலம் வருது. அடைமழை நாள்ல என்.சி. அடிக்காதீங்க.

---

புதுக்கம்பி | 27 அக்டோபர்

அடைமழை நாள்ல என்.சி. அடிச்சுட்டேன்.

பட்டறைக்காரர் தீபாவளி கழிச்சுத்தான்னார், பொறுக்கலை. மொட்டைமாடி ஷெட்ல கேன் வச்சு அடிச்சேன். அடிக்கும்போது அருமை. பத்து நிமிஷத்துல பால் ஊத்தின மாதிரி வெள்ளையாப் பூத்துடுச்சு.

---

பாலிஷ்பட்டறை | 27 அக்டோபர்

தின்னர் ஆவியாப் போகும்போது பரப்பு சில்லுன்னு ஆகும், ஈரக்காத்துல இருக்கிற தண்ணி அதுல உட்காந்துக்கும். பூக்கிறதுன்னு சொல்லுவோம். கெட்டுப்போகலை. நல்லா வெயில் அடிக்கிற நாள்ல ரிட்டார்டர் தின்னரை (மெதுவாக் காயுறது) மேலாக ஒரு மூடுபனி மாதிரி அடிச்சா திரும்ப இளகி, தண்ணி வெளியேறி, தெளிஞ்சிடும்.

ஆனா உங்களைப் பாத்தா, பட்டறைக்கே குடுத்துடுங்கன்னுதான் சொல்லத் தோணுது. அவர்கிட்ட கீழ என்.சி. இருக்குன்னு மறக்காம சொல்லுங்க. அதுக்கு மேல 2கே நேரா அடிச்சா சுருங்கித் தூக்கும். தேய்ச்சு எடுத்துட்டுத்தான் அடிக்கணும்.

---

புதுக்கம்பி | 14 டிசம்பர்

பட்டறையிலேர்ந்து வந்துடுச்சு. என்.சி.யை நானே ரெண்டு ஞாயித்துக்கிழமை உட்காந்து தேய்ச்சு எடுத்துக் குடுத்தேன். கொப்புளம் கிளிநொச்சியான் அண்ணா சொன்னபடி ஒட்டிக்கிச்சு. சாண்டர் தின்ன மூலையில பட்டி. பின்பக்கம் பழைய பாலி மேலயே.

கலர்: கிரீம். காரணம் இருக்கு. சித்தப்பா குழுவோட பழைய போட்டோ ஒண்ணு எங்க வீட்ல இருக்கு. எல்லாரும் பெல்பாட்டம்ல, ஒரு மெட்டடார் வேன் முன்னாடி. வேன் கிரீம் கலர். அதே கலர் கலக்கச் சொன்னேன். பிக்கார்டு மட்டும் பழசு, கட்டைவிரல் தேஞ்ச தடத்தோட அப்படியே விட்டுட்டேன். பொங்கலுக்கு அவர் வர்றார், சொல்லலை.

---

நாலுகம்பி | 14 டிசம்பர்

பிக்கார்டை விட்டது நல்ல காரியம். ஒரு மாசம் உறையில போட்டு மூடி வைக்காதீங்க, பெயின்ட் இன்னும் இறுகிட்டிருக்கும், துணித் தடம் பதிஞ்சிடும்.

---

சும்மாவந்தேன் | 15 டிசம்பர்

படம் பாத்தேன் ஜி. ஆக்கர் கடை கமென்ட்டை வாபஸ் வாங்கிக்கறேன்.

---

புதுக்கம்பி | 17 ஜனவரி

சித்தப்பா வந்தார். ஹால்ல ஸ்டாண்ட்ல வச்சிருந்தேன். வந்ததும் கேட்டது, "இது ஆரு கிட்டாருலே?"

சொன்னேன். கையில எடுத்தார், "வெயிட்டு கொறைஞ்சிருக்கு"ன்னார். (நிஜம்தான், முன்பக்கத்து ஓடு மட்டுமே ஒரு கவர் நிறைய வந்துச்சு.) வேன் கலர் கதையைப் பெருமையாச் சொல்லி, போட்டோவையும் காட்டினேன். கண்ணாடியைப் போட்டுப் பாத்துட்டு, "அது அன்னைக்கு வாடகைக்கு எடுத்த வண்டில்லா மக்கா. நம்ம வண்டி பச்சை"ன்னார்.

அப்புறம் ஆம்ப்ல சொருகினோம். ப்ளக்ல மூணு பின் இருக்கான்னு அவரே குனிஞ்சு பாத்தார். உட்காந்து ஏதோ ஒரு பழைய பாட்டோட பேஸ், பாதி மறந்து பாதி ஞாபகம் வந்து, நிறுத்தி நிறுத்தி வாசிச்சார். ஏழாவது ஃப்ரெட்கிட்ட போறப்ப கை தானாப் போச்சு. கட்டைவிரல் பிக்கார்டுல அந்தத் தேஞ்ச பள்ளத்துல உட்காந்துச்சு. நாலு நிமிஷம் இருக்கும். நிறுத்திட்டு, "கம்பி ரொம்பக் கணீர்னு கெடக்கு, பித்தளைச் சொம்பைத் தட்டுன மாதிரி. பழைய கம்பி எங்கலே?"

தூக்கிப் போட்டுட்டேன்னு சொன்னதும் முகமே மாறிடுச்சு. ஒரே செட்டை ஆறு வருஷம் ஓட்டினாங்களாம். சத்தம் மங்கினா சட்டியில போட்டுத் தண்ணி விட்டு அவிச்சு, காயவச்சு, திரும்ப மாட்டுவாங்களாம். "ஒங்க சித்தி மீன்சட்டின்னு தெரியாம ஒரு நாள் அவிச்சுட்டேன். அந்த மாசம் கொடை பூரா கிட்டாருல அயிலை வாடை."

கேள்வி என்னன்னா: அவருக்கு அந்த மங்கலான சத்தம் வேணுமாம். இந்தப் புதுக் கம்பியை என்ன பண்ணினா பழசு மாதிரி ஆகும்? அவிக்கலாமா?

---

நாலுகம்பி | சென்னை | 17 ஜனவரி

அவிச்சா அழுக்குப் போயி இன்னும் கணீர்னுதான் ஆகும் தம்பி. அவருக்கு வேண்டியது ஃப்ளாட் கம்பி, மேல்சுத்து வழவழன்னு இருக்கும். இப்போதைக்கு பிரிட்ஜ்கிட்ட கம்பிக்கு அடியில பாத்திரம் தேய்க்கிற ஸ்பாஞ்ச் ஒரு துண்டு சொருகி விடுங்க, பாதி தூரம் வந்துடும்.

ஃப்ளாட் வாங்கும்போது கவனம், பெரும்பாலும் இழுவை கூட இருக்கும். மாட்டி ஒரு ராத்திரி விட்டு, மறுநாள் அந்த விசிட்டிங் கார்டை எடுங்க.